சாட்சியின் முகம் பார்க்கும் நீதிமன்றம்

தமிழ்நாட்டின் நீதிமன்ற அமைப்பு, வட்டத் தலைநகரில் ஒரே நீதிபதியைக் கொண்டு நடக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி, மாவட்டத் தலைநகரின் நீதிமன்ற வளாகம் வழியாக ஏறி, சென்னையிலும் மதுரையிலும் அமர்கின்ற உயர்நீதிமன்றத்தில் முடிகின்ற படிவரிசையாகும். அமெரிக்காவில் மாநிலச் சட்டங்களுக்கு மாநில நீதிமன்றங்களும் கூட்டாட்சிச் சட்டங்களுக்குத் தனி நீதிமன்றங்களும் இருப்பதுபோல் இங்கே இரட்டை வரிசை கிடையாது; நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும் ஒரே நீதிபதிதான் இரண்டையும் எடுத்தாள்கிறார், அவர் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு ஒரே வழியில் ஏறி, தேவைப்பட்டால் புதுதில்லி உச்சநீதிமன்றம் வரை செல்கிறது. இந்தப் படிவரிசையைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பதே அதைப் புரிந்துகொள்ளச் சரியான முறை. ஏனெனில் பெரும்பாலான வழக்குகள் பிறப்பதும், சாட்சிகள் கூண்டில் ஏறிப் பேசுவதும், பெரும்பாலான மக்களுக்கு வழக்கு முடிந்துபோவதும் கீழ்ப்படிகளில்தான்.

உரிமையியல் வழக்கு என்பது சொத்து, கடன், பாகப்பிரிவினை, ஒப்பந்தம், வழிநடைப் பாதை போன்ற உரிமைகள் பற்றியது. அதில் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது நோக்கமன்று, உரிமை யாருடையது என்று அறிவித்து அதை நிலைநாட்டுவதே நோக்கம். 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம் வகுத்த மூன்று நிலைகளே மாவட்டங்களில் இன்றும் நடைமுறையில் உள்ளன. முதல் நிலை, பழைய தலைமுறை முன்சீப் கோர்ட் என்று அழைத்த மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். அதற்கு மேல், சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றம். அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். வழக்கு எந்தப் படியில் தாக்கலாக வேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது வழக்குச் சொத்தின் மதிப்பு. இந்த வரம்பைச் சட்டத்திருத்தங்கள் காலத்துக்குக் காலம் உயர்த்தி வந்திருக்கின்றன. வழக்கு தொடுப்பவர் செலுத்த வேண்டிய நீதிமன்றக் கட்டணத்தை 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மதிப்பில் ஏழரை விழுக்காடாக இருந்த கட்டணம் 2017இல் மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, வழக்காடுவோருக்கு நெடுங்காலத்துக்குப் பின் கிடைத்த உண்மையான நிவாரணமாகும்.

வரப்புத் தகராறு ஒன்றின் போக்கைப் பின்தொடர்ந்தால் முதல் நீதிமன்றத்தின் வேலை தெளிவாகத் தெரியும். பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்தில் சில சென்ட்டைச் சேர்த்து வேலி போட்டுவிட்டார் என்று கருதும் ஒருவர், தன் வழக்கறிஞர் மூலம் வழக்குரையைத் தாக்கல் செய்கிறார்; பிராது என்று மக்கள் வழங்கும் அந்த ஆவணத்தில், நிலம் தன்னுடையது என்ற விளம்புகையும், எதிரி அதில் தலையிடக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளையும் பரிகாரமாகக் கேட்கப்படுகின்றன. வழக்குக்கு அசல் வழக்கு எண் இடப்பட்டு, பிரதிவாதிக்கு அழைப்பாணை போகிறது. அவர் எதிருரை தாக்கல் செய்கிறார், செய்யாமல் வாய்தா தவறினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறக்கக்கூடும். பிறகு நீதிபதி இரு தரப்புக் கூற்றுகளையும் ஒப்பிட்டு, எவையெவை உண்மையில் சர்ச்சைக்குரியவை என்பதை எழுவினாக்களாக வனைகிறார். தேவையானால் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, நில அளவருடன் அந்த இடத்துக்கே சென்று அளந்து வரைபடத்துடன் அறிக்கை தரச் சொல்கிறார்.

அதன் பின் வருவதுதான் விசாரணை. வாதி தன் வாக்குமூலத்தை முதலில் நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் தருகிறார். 2002க்குப் பின் வந்த இந்த நடைமுறையால் நேரம் மிச்சமாகிறது, ஆனால் எழுதிக் கொடுத்ததை உரசிப் பார்க்கும் குறுக்கு விசாரணை கூண்டில்தான் நடக்கிறது. டவாலி என்னும் நீதிமன்ற ஊழியர் பெயரை உரக்கக் கூப்பிட, சாட்சி கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுக்கிறார். பத்திரமும் பட்டாவும் சிட்டாவும் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டு, ‘வா.சா.ஆ.1’, ‘வா.சா.ஆ.2’ என வாதி தரப்புச் சான்றாவணங்களாகக் குறியிடப்படுகின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விக்கு வருகிற விடையில் ஒரு சொல் தடுமாறினாலும் அது தட்டச்சில் ஏறிவிடுகிறது. கிணற்றுக்கு வடக்கே வரப்பு இருந்ததா, கிழக்கே இருந்ததா என்பதற்கு ஒரு முதியவர் தந்த விடை, பத்தாண்டு கழித்து உயர்நீதிமன்றத்தில் வழக்கு வாதிக்கப்படும்போதும் அதே சொற்களில் வாசிக்கப்படும்.

இந்த அமைப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மேல்முறையீட்டில் சாட்சிகள் பொதுவாக மீண்டும் வருவதில்லை. புதிய ஆவணத்தைச் சேர்க்க வேண்டுமானால், முன்னரே ஏன் கொண்டுவர இயலவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். அதாவது, மேல்நீதிமன்றங்கள் காகிதத்தைப் படிக்கின்றன. சாட்சியின் முகத்தைப் பார்ப்பது விசாரணை நீதிமன்றம் மட்டுமே. சாட்சி விடைசொல்லும் விதத்தைப் பற்றித் தான் கவனித்ததைக் குறித்துவைக்கச் சட்டமே நீதிபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. விசாரணை நீதிமன்றத்தைக் ‘கீழ் நீதிமன்றம்’ என்று பதிவேடுகளில் குறிப்பிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது வெறும் மரியாதைச் சொல் பற்றிய திருத்தமன்று. படிவரிசையில் முதலில் இருப்பது முக்கியத்துவத்தில் கடைசி அன்று என்னும் உண்மையின் ஒப்புதல் அது.

உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பில் குறை காண்பவர் முப்பது நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ முதல் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட நீதிமன்றமே முதலில் விசாரித்த பெரிய மதிப்புள்ள வழக்கானால் உயர்நீதிமன்றம் செல்ல தொண்ணூறு நாட்கள் உண்டு. முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கதிகளையும் சட்டத்தையும் ஒருசேர மீளாய்வு செய்யலாம். அதற்கு மேல் உயர்நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டின் வாசல் குறுகலானது: சட்டம் சார்ந்த முக்கியமான வினா ஒன்று எழுந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். வரப்பு எங்கே இருந்தது என்ற கேள்வி பொதுவாக அந்த வாசலைத் தாண்டாது. கூட்டுக்குடும்பச் சொத்தை விற்ற தந்தையின் பத்திரம் மகளைக் கட்டுப்படுத்துமா என்பது போன்ற கேள்வி தாண்டக்கூடும்.

தீர்ப்பு கிடைத்துவிட்டால் நிலம் கைக்கு வந்துவிட்டதாகப் பொருளில்லை. தீர்ப்பாணையை நிறைவேற்றித் தரக் கோரி அதே முதல் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். அதன் ஆணையைக் கையில் ஏந்தி, சொத்தை ஒப்படைக்கவோ ஜப்தி செய்யவோ வருபவர் அமீனா என்ற நீதிமன்ற ஊழியர். இந்நாட்டில் வழக்காடுபவரின் தொல்லைகள் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகின்றன என்று, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே வருந்தியது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்த வருத்தம் தீரவில்லை என்பது இந்த அமைப்பின் மிகப் பெரிய குறை. தீர்ப்புகளின் எண்ணிக்கையைச் சாதனையாகக் கணக்கிடும்போது, நிறைவேறிய தீர்ப்பாணைகளின் எண்ணிக்கையையும் கூடவே கணக்கிட வேண்டும்.

குற்றவியல் வரிசையில் முதற்படி நீதித்துறை நடுவர் நீதிமன்றம். சிறிய ஊர்கள் பலவற்றில் உரிமையியல் நீதிபதியே நடுவராகவும் இருப்பார். ஒரே மேசையில் நிலவழக்கையும் அடிதடி வழக்கையும் கேட்பார். நடுவர் என்ற சொல் கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், தனிமனித சுதந்திரத்தின் வாசற்காவல் அவருடையது. கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு இடும் கட்டளை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையிலும் நள்ளிரவிலும் நடுவரின் வீட்டு வாசலுக்குக் காவல்துறை வாகனம் வருகிறது. அங்கே நடுவர் கைதியை நேரில் பார்த்து, எப்போது கைது செய்தார்கள், உறவினருக்குத் தகவல் சொன்னார்களா, உடம்பில் காயம் உண்டா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேட்டு, மருத்துவச் சான்றைப் படித்து, ரிமாண்டு என்னும் நீதிமன்றக் காவலுக்கு அனுப்புவதா விடுவிப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும். அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திடும் சடங்காக அது மாறிவிட்டால், அதற்கு மேலுள்ள எல்லாப் படிகளும் சேர்ந்தாலும் அந்த ஒரு நிமிடத்தின் இழப்பை ஈடுசெய்ய முடியாது.

இந்தக் காவற்பணி ஒருகாலத்தில் வருவாய்த்துறையினர் கையில் இருந்தது. வரி வசூலிப்பவரும், அமைதி காப்பவரும், குற்றத்தை விசாரிப்பவரும் ஒருவராகவே இருந்த பழைய முறையைச் சென்னை மாநிலம், நாடு தழுவிய சட்டம் வருமுன்னரே, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அரசாணைகள் வழியாகப் படிப்படியாகப் பிரிக்கத் தொடங்கியது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்தப் பிரிவினையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. மாவட்ட ஆட்சியரும் வட்டாட்சியரும் இன்றும் நிர்வாக நடுவர்கள்தாம். ஆனால் தடையாணை பிறப்பிப்பதும் அமைதிக்கான பிணைப்பத்திரம் பெறுவதும் போன்ற முன்தடுப்பு வேலைகளோடு அவர்களின் எல்லை நின்றுவிடுகிறது. குற்றத்தை விசாரித்துத் தண்டிப்பது நீதித்துறை நடுவரின் பணி.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதன்படி முதல்வகுப்பு நடுவர் மூன்றாண்டு வரையிலும், தலைமை நீதித்துறை நடுவர் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். சிறு குற்றங்களுக்குச் சமூகச் சேவையைத் தண்டனையாக விதிக்கும் வழியும் முதன்முறையாக வந்திருக்கிறது. சென்னை போன்ற பெருநகரங்களில் இருந்த பெருநகர நடுவர் என்னும் தனி வகையை இச்சட்டம் நீக்கிவிட்டது. கொலை, கூட்டுக்கொள்ளை போன்ற கடுங்குற்றங்களை நடுவர் விசாரிக்க முடியாது. குற்றப்பத்திரிகையின் நகல்களை எதிரிகளுக்குக் கொடுத்துவிட்டு, வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார்.

அமர்வு நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் பெரும்பாலும் ஒரே நீதிபதியின் இரண்டு முகங்கள்: உரிமையியல் வழக்கைக் கேட்கும்போது அவர் மாவட்ட நீதிபதி, குற்றவழக்கைக் கேட்கும்போது அமர்வு நீதிபதி, அதனாலேயே பெயர்ப்பலகையில் ‘முதன்மை மாவட்ட மற்றும் அமர்வு நீதிமன்றம்’ என்று எழுதியிருக்கும். சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையையும் அமர்வு நீதிபதி விதிக்கலாம். மரண தண்டனைக்கு மட்டும் ஒரு பூட்டு உண்டு: தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், அமர்வு நீதிபதி கோப்பை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும், அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் சான்றுகளை மறுபடி அலசி உறுதிப்படுத்தும் வரை தண்டனையை நிறைவேற்ற முடியாது.

மாவட்ட வளாகத்தில் இவற்றோடு மகளிர் நீதிமன்றம், குடும்பநல நீதிமன்றம், போக்சோ வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், தொழிலாளர் நீதிமன்றம் எனப் பல பலகைகளைக் காணலாம். இவற்றில் பெரும்பாலானவை மாவட்ட நீதிபதி நிலையிலான அலுவலர்கள் தனிச் சட்டங்களின்கீழ் நடத்தும் நீதிமன்றங்களே. சென்னை நகருக்கு மட்டும் அமைப்பு சற்று வேறு: அங்கே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நகர உரிமையியல் நீதிமன்றமும், இராஜதானி காலத்துச் சிறுவழக்கு நீதிமன்றமும் உள்ளன, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட வழக்குகளை உயர்நீதிமன்றமே முதல் நீதிமன்றமாக இருந்து, சாட்சி விசாரணை உட்பட, நேரடியாக நடத்துகிறது.

உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டின் காப்புரிமைப் பட்டயத்தால் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பணியைத் தொடங்கியது. சென்னை நகரத்துக்காக 1801இல் திறக்கப்பட்ட சுப்ரீம் கோர்ட்டும், நகருக்கு வெளியேயுள்ள மாவட்டங்களின் மேல்முறையீட்டு மன்றமாக இருந்த சதர் அதாலத்தும் இதில் ஒன்றாக்கப்பட்டன. நகர வழக்குகளை உயர்நீதிமன்றமே முதலில் விசாரிக்கும் இன்றைய அதிகாரம், அந்தப் பழைய சுப்ரீம் கோர்ட்டின் எச்சமே. பாரிமுனைக்கருகே செங்கல் நிறத்தில் எழுந்து நிற்கும் இப்போதைய கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரம் நெடுங்காலம் கலங்கரை விளக்கமாகவும் எரிந்தது. அந்த வளாகத்தில் சிலையாக அமர்ந்திருக்கும் முத்துசாமி ஐயர், மாவட்ட முன்சீப்பாக இருந்து படிப்படியாக ஏறி, 1870களின் இறுதியில் அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர்.

உயர்நீதிமன்றத்தின் பணி மேல்முறையீட்டோடு முடிவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ், அரசு அலுவலர் தவறாக மறுத்த சான்றிதழிலிருந்து சட்டவிரோதக் காவல் வரை எதற்கும் எவரும் நேரடியாக அங்கே நீதிப்பேராணை கோரலாம். மனுக்களைத் தன்மைக்கேற்பத் தனி நீதிபதியோ, இருவர் அமரும் ஈரமர்வோ, மூவரோ அதற்கு மேலோ கொண்ட முழு அமர்வோ கேட்கும். யார் எதைக் கேட்பது என்பதை வகுத்துத் தருபவர் தலைமை நீதிபதி. 227ஆவது பிரிவு எல்லா விசாரணை நீதிமன்றங்கள் மீதும் கண்காணிப்பையும், 235ஆவது பிரிவு அந்த நீதிபதிகளின் பணியிடம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றின் மீது கட்டுப்பாட்டையும் அதற்குத் தருகின்றன. கட்டடம், ஊதியம், ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கான பணம் மட்டும் மாநில அரசின் நிதிநிலை அறிக்கையிலிருந்து வருகிறது. ஒரு வட்டத்துக்குப் புதிய நீதிமன்றம் வேண்டுமானால் இரு தரப்பும் இசைய வேண்டும்.

புதுச்சேரியையும் தன் எல்லைக்குள் கொண்ட இந்த நீதிமன்றம், 2004 ஜூலை 24 வரை சென்னையில் மட்டுமே அமர்ந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஒருவர் ஒரு ஜாமீன் மனுவுக்காக ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் பயணித்து, அறை எடுத்துத் தங்கி, வழக்கு அன்று பட்டியலில் எட்டாமல் போனால் வெறுங்கையோடு திரும்பியாக வேண்டியிருந்தது. தென்மாவட்ட வழக்கறிஞர்களும் மக்களும் நெடுங்காலம் போராடிப் பெற்ற மதுரைக் கிளை, கன்னியாகுமரி முதல் திருச்சி, தஞ்சாவூர் வரையிலான மாவட்டங்களுக்கு அந்தத் தொலைவை நீக்கியது. நீதி கிடைப்பதில் பேருந்துக் கட்டணத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சட்டநூல்களைவிட மேலூர் சாலையிலுள்ள அந்தக் கட்டடம் நன்றாக விளக்குகிறது.

நீதிபதிகள் வரும் வழிகளும் படிக்குப் படி வேறுபடுகின்றன. உரிமையியல் நீதிபதிகளைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கிறது. இதற்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதிகளில் ஒரு பகுதியினர் பதவி உயர்வாலும், ஒரு பகுதியினர் குறைந்தது ஏழாண்டு தொழில் செய்த வழக்கறிஞர்களிலிருந்து நேரடித் தேர்வாலும் வருகின்றனர். உயர்நீதிமன்ற நீதிபதிகளைக் கொலீஜியம் எனப்படும் மூத்த நீதிபதிகளின் குழு பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அனுமதிக்கப்பட்ட எழுபத்தைந்து இடங்களில் காலியிடம் விழும்போதெல்லாம், அதன் சுமை பட்டியலில் காத்திருக்கும் மனுதாரர் மீதே விழுகிறது.

மொழியிலும் இந்தப் படிவரிசை இரண்டாகப் பிரிகிறது. ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய வழிசெய்தது. உயர்நீதிமன்றத்தின் மொழி, அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவால், ஆங்கிலம். அங்கே தமிழையும் அனுமதிக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானத்தை உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழுக்கூட்டம் 2012இல் ஏற்கவில்லை. அதே பிரிவின் வழியாக இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்தி இடம்பெற்றிருக்கிறது. தமிழில் சாட்சி சொன்னவரின் சொற்கள் மேலே போகும்போது மொழிபெயர்ப்பாக மாறுகின்றன. தன் நிலத்தைப் பற்றிய வாதத்தைத் தானே அமர்ந்து கேட்டும் புரியாத நிலை வழக்காடுபவருக்கு நேர்கிறது. தமிழின் முதல் நாவலாசிரியரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். சதர் அதாலத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் அவர் தமிழாக்கி வெளியிட்டது, உயர்நீதிமன்றம் பிறந்த அதே காலத்தில். அன்றைக்கே கூடியது இன்று கூடாது என்பதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக முதல் நீதிமன்றத்தில் வாய்பேசாமல் நிற்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் தம் வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. இதற்கான வட்ட சட்டப்பணிகள் குழு அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது, தொலைபேசியில் 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலைக் கட்டணமின்றி உடனே தர வேண்டும் என்பதும் சட்டம். சாட்சி விசாரணை முடிந்த பிறகு கிடைக்கும் வழக்கறிஞரால் பாதிப் பயனே உண்டு. ஆகவே முதல் வாய்தாவுக்கு முன்பே அந்தக் குழுவின் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.